பள்ளிக்கூடச் சிகிச்சையும் காப்பீட்டுப் பணமும்

(ஊராட்சி ஊழியர் பயிற்சி வகுப்பொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஊராட்சிப் பணியில் ஈடுபட்டிருக்கும் நமக்குச் செலவுக் கணக்கு புதியதன்று. முதலில் கையிலிருந்து செலவிடுவது, பிறகு ரசீதுகளை இணைத்து மேலிடத்திற்கு எழுதுவது, மானியம் வந்து சேரும்வரை காத்திருப்பது ஆகிய யாவும் நாம் நாள்தோறும் காண்பவையே. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அத்தகையதொரு கணக்கைப் பற்றியதுதான். ஆயினும் அது நடப்பது நம் நாட்டில் அன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில். அங்குள்ள பொதுப் பள்ளிக்கூடங்கள், மாற்றுத் திறனாளிக் குழந்தைகளுக்குத் தாம் அளிக்கும் சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியை, ஏழை மக்களுக்கென அரசாங்கம் நடத்திவரும் மருத்துவக் காப்பீட்டு நிதியிலிருந்து எவ்வாறு திரும்பப் பெறுகின்றன என்பதே பொருள்.

பள்ளிக்கூடத்திற்கும் சிகிச்சைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். அத்தொடர்பு 1975ஆம் ஆண்டில் சட்டத்தினால் உண்டாயிற்று. அதற்கு முன்னர் அந்நாட்டில் 80 இலட்சத்திற்கும் அதிகமான குழந்தைகள் உடலாலோ மனத்தாலோ குறைபாடுடையவர்கள் என்றும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தக்க கல்வி பெறவில்லை என்றும், 10 இலட்சம் பேர் பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவில்லை என்றும் அமெரிக்கக் காங்கிரஸ் அச்சட்டத்திலேயே எழுதி வைத்தது. செல்வத்தில் உலகுக்கே முன்னிற்கும் நாடு தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட வாக்குமூலம் அது. அவ்வாண்டு நவம்பர் 29ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு அச்சட்டத்தில் கையொப்பமிட்டார். எந்தக் குறைபாடுடைய குழந்தையாயினும், அதற்கு ஏற்ற கல்வியை, ஒரு காசும் வாங்காமல், பொதுப் பள்ளிக்கூடம் அளித்தே தீரவேண்டும் என்பது அதன் சாரம். 1990இல் அச்சட்டத்தின் பெயர் மாற்றப்பட்டது, கருத்து மாறவில்லை. இன்று அச்சட்டத்தின் துணையால் படிக்கும் குழந்தைகள் ஏறக்குறைய 75 இலட்சம். அதாவது பொதுப் பள்ளி மாணவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர்.

இக்குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு கல்வித் திட்டம் எழுதப்படுகிறது. ஆசிரியரும், பெற்றோரும், பள்ளி நிர்வாகியும், துறை வல்லுநரும் ஒன்றாக அமர்ந்து எழுதும் ஆவணம் அது. வாரத்தில் இருமுறை அரைமணி நேரம் பேச்சுப் பயிற்சி, நாள்தோறும் கைகால் அசைவுக்கான பயிற்சி, உணவு வேளையில் தாதியின் உதவி என்று அதில் எழுதிவிட்டால், அதைச் செய்யாமல் விடப் பள்ளிக்கு உரிமையில்லை. பாடம் கற்பதற்கு எது எது துணை செய்யுமோ அதுவும் கல்வியைச் சேர்ந்ததே என்பது சட்டத்தின் நோக்கு.

இதன் எல்லை எதுவரை செல்லும் என்பதை நீதிமன்றங்கள் தெளிவாக்கின. டெக்சஸ் மாநிலத்தில் இர்விங் என்னும் ஊரில், முதுகுத்தண்டுக் குறையுடன் பிறந்த சிறுமி ஒருத்திக்குச் சில மணி நேரத்திற்கொருமுறை குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டியிருந்தது. அது மருத்துவம், எங்கள் வேலையன்று என்றது பள்ளி. மருத்துவரே செய்யவேண்டிய காரியமன்று, தாதி செய்யக்கூடியது, ஆதலால் பள்ளியே செய்யவேண்டும் என்று 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர், 1999இல், அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் நகரத்து வழக்கு வந்தது. கழுத்துக்குக் கீழே உணர்வற்று, மூச்சுக் கருவியின் துணையோடு வாழ்ந்த மாணவன் ஒருவனுக்குப் பள்ளி நேரம் முழுவதும் ஒருவர் அருகிலிருக்க வேண்டும். அச்செலவைத் தாங்க இயலாது என்று பள்ளி நிர்வாகம் வாதிட்டது. செலவு மிகுதி என்பது சட்டக் கடமையினின்று விடுபடக் காரணமாகாது என்று நீதிபதிகள் ஒன்பதின்மருள் எழுவர் முடிவு செய்தனர். அம்மாணவன் வகுப்பில் அமர்ந்து படிக்கும் உரிமை அதனால் நிலைபெற்றது. பணத்திற்கு வழி கூறுவது நீதிமன்றத்தின் வேலையன்று, அவர்கள் கூறவுமில்லை.

பணத்திற்குக் காங்கிரஸ் ஒரு வாக்குறுதி அளித்திருந்தது. ஒரு மாணவனுக்கு நாடெங்கும் சராசரியாக ஆகும் செலவில் நூற்றுக்கு 40 பங்குவரை மத்திய அரசாங்கம் ஏற்கும் என்பது 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு. ஆண்டுகள் ஐம்பது கடந்துவிட்டன. அந்த நாற்பது ஓராண்டிலேனும் எட்டப்படவில்லை. அண்மை ஆண்டுகளில் அது 15 விழுக்காட்டிற்கும் குறைவாகவே இருந்து வருகிறது. மேலிடம் சட்டம் இயற்றுவதும், கீழிடம் செலவைச் சுமப்பதும் எங்கும் காணும் வழக்கம்போலும்! எஞ்சிய சுமை மாநிலத்தின் மீதும், ஊர்மக்கள் செலுத்தும் வீட்டு வரி நில வரியின் மீதும் விழுகிறது.

இந்நிலையில்தான் பள்ளி நிர்வாகிகளின் கண் மெடிகெய்டு என்னும் திட்டத்தின்பால் சென்றது. 1965ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள், முதியோருக்கான மெடிகேர் திட்டத்துடன் ஒரே சட்டத்தில், லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்டுத் தொடங்கியது இது. வருமானம் குறைந்தவர்களுக்கும் உடற்குறையுடையவர்களுக்கும் மருத்துவச் செலவை அரசாங்கமே ஏற்கும் ஏற்பாடு. நடத்துவது மாநிலம், செலவைப் பகிர்ந்துகொள்வது மத்திய அரசாங்கம். மாநில மக்களின் தலைவருமானம் குறையக் குறைய மத்திய அரசாங்கத்தின் பங்கு கூடும். குறைந்த அளவு 50 விழுக்காடு. உச்சவரம்பு 83 விழுக்காடு. மிசிசிப்பியைப் போன்ற ஏழை மாநிலங்களுக்கு மிகுதியும், செல்வ மாநிலங்களுக்குப் பாதியும் கிடைக்கும். 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உரிய காலங்களில் பரிசோதனை செய்து, கண்ட குறைக்குச் சிகிச்சையும் தரவேண்டும் என்று 1967இல் ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. நம் பொருளுக்கு ஆணிவேர் இப்பகுதியே.

நினைத்துப் பாருங்கள். மெடிகெய்டில் பதிவு பெற்ற ஒரு குழந்தை, மருத்துவமனைக்குச் சென்று பேச்சுப் பயிற்சி பெற்றால் காப்பீடு பணம் தருகிறது. அதே குழந்தைக்கு, அதே பயிற்சியை, அதே தகுதியுடைய ஒருவர் பள்ளிக்கூடத்தில் அளித்தால் ஏன் தரலாகாது? நெடுங்காலம் இதற்குக் கிடைத்த விடை, அது பள்ளியின் சட்டக் கடமையாயிற்றே என்பதுதான். பிறர் எவரும் தரக் கடமைப்படாத செலவையே மெடிகெய்டு கடைசியாக ஏற்கும் என்பது பொதுவிதி. 1988ஆம் ஆண்டில் காங்கிரஸ் இவ்விதிக்கு விலக்கு அளித்தது. ஒரு குழந்தையின் கல்வித் திட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்னும் காரணத்திற்காக மட்டும், மெடிகெய்டில் அடங்கும் சிகிச்சைக்குப் பணம் மறுக்கலாகாது என்று சட்டம் திருத்தப்பட்டது. அன்றுமுதல் பள்ளிக்கூடமும் ஒருவகையில் மருத்துவ நிலையமாகக் கணக்கில் ஏறிற்று.

இனி, பணம் வரும் வழியைப் பார்ப்போம். குழந்தை மெடிகெய்டில் சேர்ந்திருத்தல் வேண்டும். சிகிச்சை அம்மாநிலத்தின் மெடிகெய்டுத் திட்டத்தில் அடங்கியதாதல் வேண்டும். அது மருத்துவ நோக்கில் தேவை என்பதற்கு உரியவரின் பரிந்துரையோ உத்தரவோ வேண்டும். அளிப்பவர் மாநிலம் விதித்த தகுதி பெற்றவராதல் வேண்டும். அளித்த நாள், நேரம், செய்தது என்ன, குழந்தை எவ்வாறு முன்னேறியது என்பனவற்றை அன்றன்றே எழுதிக் கையொப்பமிடவேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பணம் இல்லை. வாங்கிய பின்னர்க் குறை தெரிந்தால் திருப்பித் தரவேண்டும்.

பேச்சுப் பயிற்சி, கேள்விப் பரிசோதனை, இயன்முறைச் சிகிச்சை, உண்ணவும் உடுக்கவும் எழுதவும் கையைப் பழக்கும் சிகிச்சை, தாதியர் பணி, உளநல ஆலோசனை ஆகியவை பெரும்பாலும் இதில் அடங்கும். வாசிப்பும் கணக்கும் கற்பித்தல் அடங்காது. கோடு போட்டாற்போல் தெளிவாகத் தோன்றும் இப்பாகுபாடு, வகுப்பறைக்குள் சென்றால் அத்தனை தெளிவாக இருப்பதில்லை. 'ரகரம்' நாவில் வராத குழந்தைக்கு அவ்வொலியை வரவழைப்பது சிகிச்சை. அடுத்த மேசையில் அதே எழுத்தை அடையாளம் காட்டுவது கல்வி. முன்னதற்குப் பணம் உண்டு, பின்னதற்கு இல்லை. வண்டிக் கூலியும் அப்படியே. குழந்தைக்குத் தனி வாகன வசதி தேவை என்று கல்வித் திட்டத்தில் எழுதியிருக்கவேண்டும். அத்துடன், அக்குழந்தை மெடிகெய்டுச் சிகிச்சை பெற்ற நாளில் சென்றுவந்த பயணமாகவும் இருக்கவேண்டும். சிகிச்சை நடைபெறாத நாளின் பயணம் கணக்கில் சேராது. ஆதலால் பேருந்து ஓட்டுநரும் வருகைப் பதிவேடு வைத்துக்கொள்ள வேண்டியவராகிறார்.

சில மாநிலங்களில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று விலை குறித்துப் பணம் தருகிறார்கள். பல மாநிலங்களில் ஆண்டு முழுவதற்குமான செலவைக் கணக்கிட்டு இறுதியில் தீர்க்கிறார்கள். இப்பின்னைய முறையைச் சற்று விரித்துரைத்தல் நலம்.

ஒரு பயிற்சியாளர் நாள் முழுவதும் சிகிச்சையே செய்வதில்லை. கூட்டத்திற்குச் செல்கிறார்; பெற்றோருடன் பேசுகிறார்; உணவு வேளையில் பிள்ளைகளைக் கவனிக்கிறார். அவருடைய ஊதியத்தில் எத்தனை பங்கு சிகிச்சைக்குரியது? இதை அறியக் கணநேர ஆய்வு என்றொரு முறை வைத்திருக்கிறார்கள். ஏதேனும் ஒரு நாளில், ஏதேனும் ஒரு நிமிடத்தைக் குலுக்கல்போல் எடுத்து, "இந்த நிமிடத்தில் நீங்கள் யாருக்கு, என்ன, எதற்காகச் செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று மின்னஞ்சலில் கேட்பார்கள். ஆயிரக்கணக்கான நிமிடங்களுக்கு இப்படி விடை சேர்ந்தால், மொத்த நேரத்தில் சிகிச்சைக்குச் சென்ற பங்கு வெளிப்படும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பதுதான். ஆனால் விடையளிக்கச் சோம்புவோர் பெருகினால் பதம் தவறிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நாம் எடுத்துக்கொண்டவை. ஒரு பள்ளி மாவட்டத்தில் பயிற்சியாளர், தாதியர் ஊதியம் ஆண்டுக்கு 10 இலட்சம் டாலர் என்க. நேர ஆய்வின்படி 60 விழுக்காடு சிகிச்சை. எனவே 6 இலட்சம். சிறப்புக் கல்வி பெறும் குழந்தைகளுள் நூற்றுக்கு 40 பேர் மெடிகெய்டில் உள்ளவர்கள். எனவே 2 இலட்சத்து 40 ஆயிரம். அம்மாநிலத்திற்கு மத்திய அரசாங்கத்தின் பங்கு 65 விழுக்காடு. எனவே 1 இலட்சத்து 56 ஆயிரம் டாலர். பத்து இலட்சம் செலவழித்த இடத்தில் வந்து சேருவது இவ்வளவே. எஞ்சிய 35 விழுக்காட்டை மாநிலம் தரவேண்டாவோ என்று கேட்பீர்கள். பெரும்பாலான மாநிலங்களில், பள்ளி தன் வரிப்பணத்திலிருந்து முன்னமே செலவழித்ததையே மாநிலப் பங்காகச் சான்றளித்துவிடுகிறார்கள். ஆகவே பள்ளிக்கு வருவது மத்தியப் பங்கு ஒன்றுதான். அதிலும் நிர்வாகச் செலவுக்கென ஒரு பகுதியைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும் மாநிலங்கள் உண்டு.

பெற்றோர் இவ்விவகாரத்தில் எங்கே நிற்கிறார்கள்? இதுதான் நாம் மிகவும் கருதிப் பார்க்கவேண்டிய இடம். குழந்தையின் குறை இன்னது என்பது குடும்பத்தின் அந்தரங்கச் செய்தி. அதைப் பள்ளியிலிருந்து மற்றோர் அலுவலகத்திற்கு அனுப்பப் பெற்றோரின் எழுத்து மூலமான இசைவு வேண்டும். 2013ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின்படி, முதன்முறை ஒருதரம் இசைவு பெற்றுவிட்டு, ஆண்டுதோறும் அறிவிப்பு மட்டும் அனுப்பினால் போதும். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் இசைவைத் திரும்பப் பெறலாம். இசைவு மறுத்தாலும், குழந்தைக்குரிய சிகிச்சையில் இம்மியளவும் குறைத்தலாகாது. மெடிகெய்டில் சேர்ந்தால்தான் பயிற்சி என்று நிபந்தனை விதிக்கலாகாது. பள்ளி பணம் பெறுவதனால் அக்குடும்பத்திற்கு வெளியில் கிடைக்கும் மருத்துவ உரிமை குறையலாகாது. அவர்கள் கையிலிருந்து ஒரு காசும் செலவாகலாகாது. விதிகள் இவ்வளவு செம்மையாக உள்ளன. ஆயினும் சிறப்புக் கல்விக் கூட்டத்தின் முடிவில், பத்துப் பதினைந்து தாள்களோடு ஒரு தாளாக இவ்விசைவுப் படிவத்தை நீட்டினால், தாய் எதைப் படித்து எதில் கையொப்பமிடுவாள்? வெளியே பேச்சுப் பயிற்சி பெறும் தன் மகனுக்கு அது நின்றுவிடுமோ என்று அஞ்சி மறுக்கும் தாய்மாரும் உண்டு. படிவத்தை நீட்டுமுன் ஐந்து நிமிடம் அமர்ந்து விளக்கும் ஊழியர் ஒருவர் இருந்தால் இவ்வச்சம் நீங்கும் என்பதே நம் எண்ணம்.

பணம் இருக்குமிடத்தில் தரகரும் இருப்பர். கணக்கு எழுதும் தொல்லை மிகுதியாதலின், பல பள்ளி மாவட்டங்கள் தனியார் கம்பெனிகளிடம் அவ்வேலையை ஒப்படைத்தன. வரும் பணத்தில் இத்தனை விழுக்காடு என்று கூலி பேசினர். மாநில அரசாங்கங்களும் தம் பங்குக்கு எடுத்துக்கொண்டன. 2000ஆம் ஆண்டில் காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் இதை ஆராய்ந்து, சிற்சில இடங்களில் 100 டாலருக்குப் பள்ளியின் கைக்கு வந்தது ஏழரை டாலர் மட்டுமே என்று எழுதிற்று. வரும் தொகைக்கேற்பக் கூலி என்றால், கணக்கை ஊதிப் பெருக்கத் தோன்றுவது இயல்பன்றோ? பின்னர் வந்த மத்தியத் தணிக்கைகள் பலவற்றில், சான்றில்லாத சிகிச்சைக்கும் தகுதியற்றோர் அளித்த சிகிச்சைக்கும் பணம் கேட்டிருப்பது கண்டறியப்பட்டு, தொகையைத் திருப்பித் தருமாறு மாநிலங்களுக்குக் கூறப்பட்டது. கம்பெனி தன் கூலியைப் பெற்றுக்கொண்டு சென்றிருக்கும். திருப்பித் தருவது பொதுப் பணம்.

இத்தகைய குற்றங்களைச் சுட்டி, 2007ஆம் ஆண்டு இறுதியில் மத்திய அரசாங்கம் வேறொரு விதியைப் பிறப்பித்தது. பள்ளிகளின் நிர்வாகச் செலவுக்கும், வீட்டிற்கும் பள்ளிக்குமிடையேயான பயணச் செலவுக்கும் இனி மெடிகெய்டுப் பணம் இல்லை என்பது அது. மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்தும் செயல் என்றே நாம் கூறுவோம். காங்கிரஸ் அதை நடைமுறைக்கு வராமல் தடுத்து நிறுத்தியது. 2009இல் அவ்விதி கைவிடப்பட்டது.

மற்றொரு தடையும் நெடுநாள் இருந்தது. யாவருக்கும் இலவசமாகச் செய்யும் பணிக்கு மெடிகெய்டு பணம் தராது என்று 1997இல் ஒரு விளக்கம் வெளியிட்டிருந்தார்கள். பள்ளித் தாதி எல்லாக் குழந்தைகளையும் காசு வாங்காமல்தான் பார்க்கிறாள். ஆதலால், கல்வித் திட்டத்தில் எழுதப்படாத சிகிச்சை எதற்கும் பணம் கிடைக்காமற் போயிற்று. இழுப்பு நோயுடைய மாணவனுக்கு நாள்தோறும் மருந்து கொடுத்தாலும் கணக்கில்லை. 2014ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் இவ்விளக்கம் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் கதவு திறந்தது என்பதனால் எல்லாரும் உள்ளே சென்றுவிட்டார் என்று பொருளன்று. ஒவ்வொரு மாநிலமும் தன் திட்டத்தைத் திருத்திக்கொள்ளவேண்டும். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் செய்துள்ளன. மற்றவை பழைய வழியிலேயே செல்கின்றன.

நாட்டுப்புறத்துப் பள்ளிகளைப் பற்றிக் கூறாமல் விடுவது முறையன்று. அமெரிக்காவில் ஏறக்குறைய 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. அவற்றுள் பல மிகச் சிறியவை. சில நூறு பிள்ளைகளே படிப்பவை. அங்கே தலைமையாசிரியரே கணக்கர். சில வேளைகளில் பேருந்து ஓட்டுபவரும் அவரே. பேச்சுப் பயிற்சியாளர் வாரத்தில் ஒரு நாள் தொலைவிலிருந்து காரில் வந்துபோவார். இத்தகைய பள்ளியில் ஐந்தாறு குழந்தைகளுக்காக இத்தனை பதிவேடும் இத்தனை படிவமும் எழுதினால், வரும் பணத்தைவிட எழுதும் கூலி மிகும். ஆகவே உரிய பணத்தைக் கேளாமலே விட்டுவிடும் சிற்றூர்ப் பள்ளிகள் உண்டு. ஏழைக் குழந்தைகள் மிகுந்த இடத்திலேயே பணம் விடுபட்டுப் போவது வருந்தத்தக்கது.

இதற்கு மாற்று, பல ஊர்கள் கூடுவதுதான். நியூயார்க்கு மாநிலத்தில் கூட்டுறவுக் கல்விப் பணிக் குழுக்களும், பென்சில்வேனியாவில் இடைநிலை அமைப்புகளும், அயோவாவில் வட்டாரக் கல்வி முகமைகளும் நெடுங்காலமாக உள்ளன. பத்திருபது பள்ளி மாவட்டங்களுக்குச் சேர்த்து ஒரே பயிற்சியாளர் குழுவை இவை அமர்த்துகின்றன; சிறிய பள்ளியால் தனித்து வைத்துக்கொள்ள இயலாத வல்லுநரைப் பொதுவில் வைத்துக்கொள்ள முடிகிறது. காப்பீட்டுக் கணக்கையும் அவ்வாறே பொதுவில் எழுதலாம். விழுக்காட்டுக் கூலிக் கம்பெனியைக் காட்டிலும் இவ்வழி எவ்வளவோ மேல் என்பது நம் துணிபு. தொலைவில் உள்ள பயிற்சியாளர் காணொளி வழியாகப் பயிற்சி தரும் முறையும் அண்மை ஆண்டுகளில் பரவியிருக்கிறது.

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நிறைவேறிய சட்டமொன்று, பள்ளிகளுக்கான மெடிகெய்டு விதிகளைப் புதுப்பிக்குமாறு பணித்து, மாநிலங்களுக்கு உதவ 5 கோடி டாலரும் ஒதுக்கியது. அதன்படி 2023 மே மாதம் புதிய கையேடு வந்தது. சிற்றூர்ப் பள்ளிகளின் கணக்குச் சுமையைக் குறைத்தல் அதன் நோக்கங்களில் ஒன்று. பழைய கையேடுகள் 1997இலும் 2003இலும் வெளிவந்தவை. இடையே கழிந்த காலம் இருபது ஆண்டுகள்! கையேடு வந்து இரண்டாண்டு கடந்ததும் நிலைமை மறுபடியும் மாறிற்று. 2025 ஜூலை 4ஆம் நாள் கையொப்பமான சட்டம், வரும் பத்தாண்டுகளில் மெடிகெய்டுக்கான மத்தியச் செலவைப் பெருமளவு குறைக்கிறது. அச்சட்டம் பள்ளிகளைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. மாநிலங்களின் கை இறுகும்போது எதை விடுவார்கள், எதை வைத்துக்கொள்வார்கள் என்பதே பள்ளி நிர்வாகிகளின் கவலை. மெடிகெய்டின் மொத்தச் செலவில் பள்ளிகளுக்குச் செல்வது நூற்றில் ஒரு பங்கும் இல்லை. பள்ளிகளுக்கோ அது தாதியின் ஊதியம், பயிற்சியாளரின் ஊதியம்.

ஒன்றை மட்டும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். காப்பீட்டுப் பணம் குறைந்தாலும், 1975ஆம் ஆண்டுச் சட்டம் கல்வியுரிமைச் சட்டமாதலின், அது அப்படியே நிற்கிறது. எழுதிய பயிற்சியைப் பள்ளி அளித்தே ஆகவேண்டும். மூச்சுக் கருவியோடு வரும் மாணவன் அருகே தாதி அமர்ந்தே ஆகவேண்டும். மெடிகெய்டு தராத பங்கை அந்த ஊரார் செலுத்தும் வீட்டு வரியிலிருந்தோ, பள்ளியின் வேறு வகுப்புகளிலிருந்தோதான் எடுக்கவேண்டியதாகும்.